மூன்றில் நிற்கும் கை

மூன்று வயதுக் குழந்தை ஒன்றிலிருந்து பத்து வரை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடும். அதன் முன் பொம்மைகளைக் குவித்து, "மூணு எடுத்துக் குடு கண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். அள்ளிய அத்தனையையும் பெருமையாக நீட்டும்! அமெரிக்க உளவியலாளர் கேரன் வின் 1990-இல் வெளியிட்ட ஆய்வின் மூலம் புகழ்பெற்ற சோதனை இது. கேட்ட எண்ணை மனத்தில் வைத்திருக்க வேண்டும், ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், இன்னும் அள்ளத் துடிக்கும் கையை மூன்றில் நிறுத்த வேண்டும். கணக்கு அறிவோடு கொஞ்சம் தன்னடக்கமும் சேர்ந்தால்தான் மூன்று பொம்மை கைக்கு வரும்.

அந்த அடக்கத்தை அளக்க ஒரு விளையாட்டு இருக்கிறது. "தலையைத் தொடு" என்றால் கால்விரலைத் தொட வேண்டும், கால்விரல் என்றால் தலையை. சரியாகச் செய்தால் 2 மதிப்பெண். தலைக்குப் போன கையைப் பாதியில் நிறுத்திக் காலுக்குக் கொண்டுவந்தால் 1. தன் தவறைத் தானே பிடித்த குழந்தைக்குக் கிடைக்கும் அந்த 1 எவ்வளவு நியாயமானது! மெகன் மெக்லெலண்டும் குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த விளையாட்டில் முன்னேறிய மழலையர் கணக்கிலும் முன்னேறியிருந்தார்கள்.

எண்ணைக் கற்பதில் வீட்டின் பங்கு பெரியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவினும் குழுவினரும் 44 குடும்பங்களின் பேச்சைப் பதிவு செய்தார்கள். குழந்தைக்கு 14 மாதம் முதல் 30 மாதம் வரை, ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம். ஒரு வீட்டில் பெற்றோர் வாயிலிருந்து வந்த எண்கள் மொத்தம் 4. இன்னொரு வீட்டில் 257. எண்களை அதிகம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நான்கு வயதை நெருங்கும்போது எண்ணின் பொருளை நன்றாக அறிந்திருந்தார்கள். வெறும் ஒப்பிப்பைவிட, கண்முன் உள்ள பொருள்களை, அதுவும் நான்கும் அதற்கு மேலும் உள்ளவற்றை, எண்ணிக் காட்டுவதே கூடுதலாக உதவியது.

கூடவே பெற்றோருக்குப் பொறுமையும் வேண்டும். மான்ட்ரியலில் ஆனி பெர்னியே குழுவினர் 15 மாதக் குழந்தைகளையும் தாய்மார்களையும் கவனித்தார்கள். குழந்தையின் வேகத்துக்கு விட்டுக்கொடுத்து, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் கைகொடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு, பிறகு இரண்டு வயதை ஒட்டிச் சோதித்தபோது, தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் கூடுதலாக இருந்தது. நான்குக்கு அடுத்து ஆறு என்று பிள்ளை சொன்னால் திருத்த நமக்கு வாய் துடிக்கும். ஒரு நொடி பொறுத்தால், பிள்ளை தானே நிறுத்தி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கக்கூடும்.