துன் ரசாக்கை மதிப்பிடுவது எப்படி?

மாணவர்களே, "துன் அப்துல் ரசாக்கின் பங்களிப்பை மதிப்பிடுக" என்று கேள்வி வந்தால் என்ன செய்றோம்? சாதனைகளை வரிசையா எழுதிட்டு வந்துடுறோம். அது வெறும் பட்டியல். புள்ளிகள் பாதியிலேயே நின்னுடும்.

1971-இல் அவர் ஆட்சியில் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையைப் பாருங்கள்.

நோக்கம்: இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது, சமுதாயத்தைச் சீரமைப்பது.

பலன்: தீபகற்ப மலேசியாவில் 1970-இல் சுமார் 49 விழுக்காடாக இருந்த வறுமை, 1990-இல் சுமார் 15 விழுக்காடாகக் குறைந்தது. ஆனா, அவர் 1976-லேயே காலமாகிவிட்டார். அப்படின்னா, இதில் அவர் பங்கு எவ்வளவு? பின்வந்த பிரதமர்களின் பங்கு எவ்வளவு?

விடுபட்டவர்கள்: தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால், அரசின் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் பல நம் தோட்டப்புற மக்களை எட்டவில்லை. வறுமை குறைந்ததும் உண்மை, இதுவும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்காதீங்க.

மூன்றையும் எடைபோட்ட பிறகு, உங்கள் முடிவை ஒரே வாக்கியத்தில் காரணத்தோடு எழுதுங்கள்.

ஆசிரியர்களே, வகுப்பை இரு குழுவாக்கி, ஒரே சான்றுகளைக் கொடுத்து வாதிடச் சொல்லுங்கள். தீர்ப்பு மாறலாம், சான்று மாறக்கூடாது.