ரௌட்டருக்குக் கட்டளையிடும் கலை

வலைப்பின்னல்களுக்கிடையே தரவுகளுக்கு வழிகாட்டும் ரௌட்டர் என்னும் யந்திரத்தை, படங்களும் பொத்தான்களும் நிறைந்த திரையின் வாயிலாகவன்றி, வரிவரியாகக் கட்டளை தட்டியே நடத்துகின்ற வழக்கம், 1984-இல் அமெரிக்காவில் தோன்றிய சிஸ்கோ நிறுவனத்தின் சாதனங்களில் இன்றளவும் பிரதானமாக விளங்கிவருகிறது.

கன்சோல் கேபிளால் கணினியை இணைத்ததும், ரௌட்டரின் பெயரும் அதையடுத்து > என்ற குறியும் தோன்றும். அந்நிலையில் சில விவரங்களைப் பார்க்கலாமேயன்றி அமைப்பை மாற்ற அதிகாரமில்லை. ‘எனேபிள்’ என்று தட்டி, கேட்கப்படும் ரகசியச் சொல்லையும் கொடுத்தால் அக்குறி # ஆக மாறும். அதன்பின் ‘கன்ஃபிகர் டெர்மினல்’ என்றால்தான் திருத்தும் உரிமை சித்திக்கும். போர்ட்டுக்கு ஐ.பி. முகவரி அளித்தும் அது இயங்கவில்லையே என்று திகைப்போர் பலர்; ரௌட்டரின் போர்ட்டுகள் ஆரம்பத்தில் சாதாரணமாக மூடியே இருக்குமாதலால், ‘நோ ஷட்டவுன்’ என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கட்டளை மறந்துபோயின் ஒரு கேள்விக்குறியைத் தட்டினால் போதும். அவ்விடத்திற்குப் பொருந்தும் சொற்களை யந்திரமே வரிசையாகக் காட்டிவிடும்.

மாற்றங்கள் அக்கணமே அமலுக்கு வருமாயினும், அவை தற்காலிக நினைவகத்தில் மாத்திரமே தங்குவதால், ‘காப்பி ரன்னிங்-கன்ஃபிக் ஸ்டார்ட்டப்-கன்ஃபிக்’ என்று கட்டளையிட்டு நிரந்தரமாகச் சேமிக்காவிடில், மின்சாரம் நின்றதும் அத்தனையும் அழிந்துபோகும். தொலைதூர ரௌட்டரைத் திருத்துமுன் ‘ரீலோட் இன் 10’ என்று சொல்லிவைத்தால், தவறான கட்டளையால் இணைப்பே அறுந்துபோனாலும், 10 நிமிஷத்தில் அது தானே மறுபடி துவங்கிப் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். ஆகவே புதிதாகப் பழகுவோர் முதலில் சோதித்துப் பார்த்து, பிறகே சேமிப்பார்களாக.