குளோட்ரிமசோல்

குளோட்ரிமசோல் என்பது பூஞ்சைத் தொற்றுக்கான மேற்பூச்சு மருந்து. 1960களின் இறுதியில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டிரால் உருவாவதை இது தடுக்கிறது. படர்தாமரை, தேமல், சேற்றுப்புண் ஆகியவற்றுக்கு 1% களிம்பாகவும், காதுப் பூஞ்சைக்கு 1% சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது. சீழ்க்கட்டிக்கு இது உதவாது. அது பாக்டீரியாவால் வருவது.

கழுவித் துடைத்த தோலில், தடிப்பின் விளிம்பைச் சற்றுத் தாண்டி, நாளுக்கு இருமுறை மெல்லியதாகத் தடவ வேண்டும். நான்கைந்து நாளில் அரிப்பு அடங்கியதும் டியூபை மூடிவைத்துவிடுவது நம் வழக்கம். பூஞ்சை அதற்குள் அழிந்திருக்காது. தோல் பார்வைக்குச் சரியான பிறகும் 2 வாரம் தடவ வேண்டும். பட்டாபிராம் பக்கம் ஐப்பசியில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. ஈர உள்ளாடையைப் போட்டுக்கொண்டு மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பிள்ளைகளின் தலையில் வரும் படைக்குக் களிம்பு போதாது, மாத்திரை தேவை.

கடையில் வாங்கும்போது டியூபில் உள்ள சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். குளோட்ரிமசோலுடன் பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு சேர்ந்த கலவை. சிவப்பும் அரிப்பும் ஒரே நாளில் குறையும். ஆனால் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்குவதால் பூஞ்சை பரவும். வட்டத்தின் விளிம்பு மங்கி, மருத்துவருக்கே நோயை இனங்காண்பது கடினமாகும். தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, தொடை இடுக்கில் வரிவரியாகத் தழும்பு விழும், அது மறைவதில்லை. இத்தகைய களிம்புகள் சீட்டின்றித் தாராளமாக விற்கப்பட்டதால், 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டு கட்டாயமான அட்டவணை எச்-இல் கொண்டுவந்தது. ஆனாலும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கவே செய்கின்றன.

தோல் களிம்பைக் காதுக்குள் இடக்கூடாது. காதுப் பூஞ்சை, நனைந்த மையொற்றுத்தாள் போலக் குழாயை அடைத்திருக்கும். மருத்துவர் அதைச் சுத்தம் செய்த பிறகே சொட்டு மருந்து உள்ளே சேரும். புட்டியை உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்கி, ஒருக்களித்துப் படுத்துச் சொட்டுகளை விட்டு, 5 நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். குளிர்ந்த மருந்து தலைச்சுற்றலைத் தரும். புட்டியின் முனை காதில் படக்கூடாது.

காதில் சீழ் வடிந்தாலோ செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, மருத்துவரைப் பார்க்காமல் வீட்டிலிருக்கும் எந்தச் சொட்டு மருந்தையும் விடக்கூடாது. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் ஓட்டை வழியே உட்செவிக்குச் சென்றால் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போகலாம்.