மனித உரிமைச் செயற்பாட்டாளர் வளாக நல்கை

மனித உரிமைச் செயற்பாட்டாளர் வளாக நல்கை என்பது, களத்தில் பணிபுரியும் மனித உரிமைச் செயற்பாட்டாளர் ஒருவர் குறிப்பிட்ட காலம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் தங்கிப் படிக்கவும், எழுதவும், ஓய்வு பெறவும் வழங்கப்படும் உதவியாகும். பயணச் செலவு, தங்குமிடம், உதவித்தொகை, நூலக வசதி ஆகியன பொதுவாக இதில் அடங்கும். பட்டம் பெறுவது இதன் நோக்கமன்று.

வரலாறு

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1989இல் தொடங்கிய திட்டம் பயிற்சியை முதன்மையாகக் கொண்டது. இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத் திட்டமோ அச்சுறுத்தலுக்கு உள்ளானவர்களைச் சில மாதங்கள் அபாயத்திலிருந்து அகற்றி வைக்கிறது. ஆபத்திலுள்ள கல்வியாளர்களுக்கு இடம் தேடித்தரும் வலையமைப்பு ஒன்று 1999இல் சிக்காகோவில் உருவானது.

ஈழத்தமிழர் தொடர்பில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு இதழாளர் ஜெ. எஸ். திசைநாயகம் ஆவார். தம் எழுத்துக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஆகத்து மாதம் 20 ஆண்டு கடூழியச் சிறைத்தண்டனை பெற்ற இவர், 2010இல் பொதுமன்னிப்பு பெற்று, ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இதழாளர்களுக்கான நீமன் நல்கையில் இருந்தார். வளாகம் என்பதாலேயே பாதுகாப்பு கிட்டிவிடுவதில்லை. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரும் யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவருமான ராஜினி திராணகம, 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மொழித் தடை

கொலம்பியா, யோர்க் ஆகிய இரண்டும் விண்ணப்பிப்போருக்கு ஆங்கிலத் தேர்ச்சியை எதிர்பார்க்கின்றன. பாடமும் கலந்துரையாடலும் அம்மொழியிலேயே நடப்பதால் இது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் எத்தகைய அனுபவம் இதனால் வெளியே நின்றுவிடுகிறது என்பதை ஜவ்வாது மலையை (சவ்வாது மலை) முன்வைத்துக் காணலாம்.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் சேசாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறித் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரைக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டுக் கொன்றனர். இறந்தோருள் ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் இருந்தனர். தாக்கப்பட்டதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. சிலர் முதல்நாளே பேருந்திலிருந்து இறக்கிப் பிடித்துச் செல்லப்பட்டனர் என்பது தப்பி வந்தோரின் சாட்சியம். மதுரையைச் சேர்ந்த மக்கள் கண்காணிப்பகம் (இயக்குநர் ஹென்றி திபேன்) இச்சாட்சிகளைத் தில்லியில் தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் முன் நிறுத்தியது. சாட்சிகளுக்குப் பாதுகாப்பு அளிக்க ஆணையம் பணித்தது.

இத்தகைய வழக்கு ஆணையத்தை அடையுமுன், மலைக் கிராமத்தில் அஞ்சி ஒதுங்கும் குடும்பத்தினரைப் பேசவைக்கவும், யார் எப்போது எவருடன் புறப்பட்டார் எனக் கேட்டறியவும், அவர்கள் நம்பும் ஆள் ஒருவர் வேண்டும். அது தமிழில், பெரும்பாலும் வாய்மொழியாகவே நடைபெறும் பணி. ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத இயலாத அவ்வாள், ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கத்தக்கவை மிகப்பல. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உடன் அமர்த்துவதும், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களே இத்தகைய நல்கையைத் தமிழில் வழங்குவதும் இயலக்கூடியவையே. நல்கைக் காலத்தில் சொந்த ஊரில் அவர் பணியைத் தொடர்வது யார் என்பது இவற்றை விடக் கடினமான கேள்வி. சிறிய அமைப்புகளில் பதில் ஆள் இருப்பது அரிது.