மின்னியக்கு விசையும் மின்னழுத்தமும்

மோட்டார் வண்டியொன்று புறப்பட மறுக்கின்றது. அதன் பாட்டரியின் முனைகளில் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்ப்பின் 12.6 வோல்ட் காட்டுகின்றது. “பாட்டரியிற் குறையில்லை” என்று கூறி, பிற உறுப்புக்களைக் கழற்றப் புகுவாருமுளர். அன்னார் பொருளும் பொழுதும் வீணாதற்குக் காரணம், வோல்ட் என்னும் ஒரே அலகால் அளக்கப்படும் இரண்டினை ஒன்றெனக் கொண்டமையே. அவ்விரண்டாவன மின்னியக்கு விசையும், முனைகளிடை மின்னழுத்தமுமாம்.

முன்னையதன் பெயரே மயக்கந் தருவது. விசை என்றவுடன் தள்ளுதலும் இழுத்தலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஈதோ அன்னதன்று. கலத்தினுள் நிகழும் இரசாயன மாற்றம், ஒரு கூலம் அளவினதாகிய மின்னை ஒரு முனையினின்று மற்றதற்குச் செலுத்துங்கால் அளிக்கும் ஆற்றலே மின்னியக்கு விசை எனப்படும். தமிழ் பயிலும் யாம் இதனைக் காரணப்பெயர்போலத் தோன்றும் இடுகுறி என்றே கொள்ளுகின்றோம்.

வோல்ட்டா என்னும் இத்தாலியப் பேரறிஞர் தம் அடுக்கினை 1800-இல் வெளிப்படுத்தினார். 1836-இல் டானியல் அமைத்த கலத்தில் துத்தநாகமும் செம்பும் தத்தம் கந்தகி உப்புக்கரைசலில் நிற்கும். அதன் விசை ஏறத்தாழ 1.1 வோல்ட். அக்கலத்தைக் குடம்போற் பெரிதாக்கினும் அவ்வளவு மிகாது. உலோகமும் கரைசலுமே அதனை வரையறுப்பன.

ஆயின், பெரிதாக்குதலாற் பயனென்னை? அகத்தடை குறைதலே பயன். மின்னோட்டம் வெளிக்கம்பியிற் போலவே கலத்தினுள்ளும் ஓடியாக வேண்டும். ஆண்டு ஒரு பகுதி செலவாகி வெப்பமாகின்றது. ஓட்டத்தையும் அகத்தடையையும் பெருக்கி, வந்த தொகையை விசையினின்று கழிப்ப எஞ்சுவதே முனைகளிடை மின்னழுத்தம்.

வண்டியை முடுக்க 200 ஆம்பியர் வேண்டுமெனக் கொள்வோம். நல்ல பாட்டரியின் அகத்தடை 0.01 ஓம் எனின் இழப்பு 2 வோல்ட், 10.6 எஞ்சும். மூத்துத் தளர்ந்ததன் அகத்தடை 0.05 ஓம் எனின் இழப்பு 10 வோல்ட், எஞ்சும் 2.6 கொண்டு வண்டி புறப்படுதல் யாங்ஙனம்? வோல்ட்மீட்டரோ மிகச் சிறிய ஓட்டத்தையே கொள்ளுவது. ஆதலின் அதன்முன் இவ்விழப்புத் தோன்றாது, விசையே தோன்றும். வண்டியை முடுக்கும்போதே அளத்தல் வேண்டும். அளக்குங்கால் கருவியின் கம்பியை இணைப்புப் பிடியின்மேல் வையாது ஈயமுனையின் மேலேயே வைத்தல் நன்று. பூத்துப்போன பிடியின் குற்றம் பாட்டரியின் தலையில் ஏறிவிடக்கூடும்.

1.5 வோல்ட் உலர்கலங்கள் எட்டினைத் தொடராக இணைப்பின் 12 வோல்ட் ஆகும். அவை வண்டியை இயக்குமோ எனச் சிறுவர் வினவுவர். வினா நன்றே. கலமொன்றிற்கு 0.2 ஓம் அகத்தடை எனின் எட்டிற்கு 1.6 ஓம், இரு முனைகளையும் தடித்த கம்பியால் நேரே இணைப்பினும் 7.5 ஆம்பியருக்கு மேற் பெறுதல் இயலாது.

மின்னேற்றுங்கால் இக்கணக்குத் தலைகீழாகும். ஓட்டம் எதிர்த்திசையிற் புகுதலின் இழப்பைக் கழியாது கூட்டல் வேண்டும், எனவே 12.6 வோல்ட் பாட்டரியின் முனைகளில் அப்போது 14 வோல்ட் அளவிற் காணலாம்.