வரி ரசீதும் வீட்டுரிமையும்

கிராமத்தில் நாம் செலுத்தும் வரிகளில் நிலத்தீர்வை மாநில அரசைச் சேர்வது. வீட்டு வரியோ, அரசியல் சட்டத்தின் 243-எச் பிரிவின் வழியே மாநிலச் சட்டசபை அளிக்கும் அதிகாரத்தைக் கொண்டு, பஞ்சாயத்து விதிப்பது.

வரி கட்டியதும் ரசீதை வாங்கிப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறோம். நல்லதே. ஆனால் அந்த ரசீதே உரிமைப் பத்திரமாகும் என எண்ணலாகாது. வீடு நம் அனுபவத்தில் உள்ளது என்பதற்கு அது ஒரு சாட்சி. உரிமையை அது மட்டும் நிலைநாட்டாது. நீதிமன்றங்கள் இதனைப் பன்முறை கூறியுள்ளன. தந்தை காலமான பின்னும் அவர் பெயரிலேயே வரி செலுத்தி வரும் குடும்பங்கள்தாம் எத்தனை! பாகம் பிரிக்கும் நாளிலோ, கடன் கேட்கும் நாளிலோதான் அக்குறை தெரிகிறது.

கிராமக் குடியிருப்பு மனைகளுக்குப் பல மாநிலங்களில் முறையான பதிவேடு இருந்ததில்லை. 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டம், டிரோன் கொண்டு அவற்றை அளந்து சொத்து அட்டை வழங்க முற்பட்டது. டிரோன் பறக்குமுன் மனை எல்லையைச் சுண்ணாம்புக் கோட்டால் குறிப்பது அதன் முறை. அவ்வாறு குறிக்கும் வேளையில், அண்டை வீட்டாருடன் நாமும் அங்கே நின்றிருத்தல் வேண்டும்.