நண்பனுக்குத்தான் முதலில் தெரியும்

ஐரோப்பாவின் 10 நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு 2009இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பதினைந்து வயதையொட்டிய 11,110 மாணவர்கள் அதில் இருந்தார்கள். பள்ளிகளை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில், தற்கொலை எண்ணத்தில் தவிக்கும் பிள்ளையைக் கண்டுகொள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி. இன்னொன்றில், மனநல வல்லுநர்கள் வினாத்தாள் கொடுத்துச் சலித்தெடுத்தார்கள். மூன்றாவதில் விஷயத்தை மாணவர்களிடமே விட்டார்கள்: நான்கு வாரங்களில் மொத்தம் ஐந்து மணி நேரம் நடித்துப் பார்த்தார்கள், விவாதித்தார்கள். கடைசிப் பிரிவுக்கு வகுப்பறைச் சுவரில் சுவரொட்டிகள் மட்டும்.

ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, சுவரொட்டி மட்டும் ஒட்டிய பள்ளிகளில் புதிதாகத் தற்கொலைக்கு முயன்றவர்கள் 34 பேர். மாணவர்களிடமே விட்ட பள்ளிகளில் 14 பேர். ஆசிரியர்களை நம்பிய வழியிலும் வல்லுநர்களை நம்பிய வழியிலும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. டனுடா வாசர்மன் தலைமையிலான குழு 2015இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட முடிவு இது.

பெரியவர்களுக்குக் கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும். ஆனால் ‘செத்துடலாம்போல இருக்கு’ என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளை அப்பாவிடம் சொல்வது அபூர்வம். டியூஷன் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது நண்பனிடம் சொல்லும். நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் சிரிப்புப் பொம்மையோடு அனுப்பும். ‘இனிமே என்னால யாருக்கும் தொல்லை இருக்காது’ என்று சுற்றி வளைத்தும் வரும். பிரியமாக வைத்திருந்த பொருளை ‘நீயே வச்சுக்கோ’ என்று கொடுப்பதும் ஒரு சேதிதான். ‘சாகறேன்னு சொல்றவன் சாக மாட்டான், சும்மா சீன் போடுறான்’ என்கிற பேச்சு நம்மிடையே தாராளமாகப் புழங்குகிறது. அது பொய். தற்கொலையால் இறந்தவர்களில் பலர் அதற்கு முன்பு யாரிடமாவது ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, அப்படிச் சொன்ன பிள்ளையிடம் என்ன கேட்பது? வாய்விட்டுக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் மேடலின் கூல்ட் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்குக் கொடுத்த வினாத்தாளில் மட்டும் தற்கொலை பற்றிய கேள்விகள் இருந்தன. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் கேள்விகளால் யாருடைய மனநிலையும் மோசமாகியிருக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களோ, கேட்கப்படாதவர்களைவிடக் கொஞ்சம் இலேசாகவே இருந்தார்கள். 2005இல் வெளியான ஆய்வு.

ஆகவே நேராகவே கேட்கலாம்: ‘தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதாடா?’ இதையே ‘தப்பா எதுவும் செஞ்சுக்க மாட்டேல்ல?’ என்று கேட்டால் பதிலையும் நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். ‘சேச்சே’ என்று தலையாட்டிவிட்டுப் போவான். கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது அதைவிடக் கடினம். ‘அம்மா அப்பாவை நெனச்சுப் பாரு’ என்பது நல்லெண்ணத்தில் வருவதுதான். ஆனால் தன்னால் வீட்டுக்குப் பாரம் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளையின் தலையில் அது இன்னொரு மூட்டையை ஏற்றும்.

‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.’ சிக்கல் இங்கேதான். பதினாறு வயதில் நட்பு என்றாலே ரகசியம் காப்பதுதான். இருந்தாலும் இந்தச் சத்தியத்தை மீறியே ஆக வேண்டும். முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்வதைவிட, ‘இதைத் தனியா வச்சுக்க என்னால முடியாதுடா, சொல்றப்ப நீயும் கூட வா’ என்பது மேல். கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். யாரிடம் சொல்வது? காயமே வீட்டில் பட்டதென்றால் அப்பா அம்மாவை விட்டு வேறு ஒருவரிடம்: சித்தி, மாமா, நம்பிக்கையான ஒரு டீச்சர். முதலில் சொன்னவர் ‘வயசுக் கோளாறு’ என்று தட்டிக்கழித்தால் அடுத்தவரிடம் போக வேண்டும். இப்போதே ஏதாவது நடந்துவிடும் என்று தோன்றினால் தனியாக விடாமல் கூடவே இருந்து, பெரியவர் ஒருவரை வரவழைத்து, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. வேகமாகப் பொங்கும் உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் முன்மூளை, இருபது வயதைத் தாண்டிய பிறகும் முதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. உச்சத் தவிப்பு பெரும்பாலும் நீடிப்பதில்லை. அமெரிக்காவில், உயிரை விடப் போன இடத்தில் 1937க்கும் 1971க்கும் இடையே தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரை ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தார். அவர்களில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். அந்த நேரத்தைக் கடத்திவிடுவது அத்தனை பெரிய வேலை. வீட்டில் ஆபத்தான பொருட்களைக் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துவதும் அதில் சேரும். அது பெரியவர்களின் பொறுப்பு.

‘ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று குடும்பங்கள் விஷயத்தை அமுக்குவதும் உண்டு. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்குகிறது.

இந்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, தமிழிலேயே பேசலாம், எந்நேரமும். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. இலங்கையில் உதவி எண் 1926. இந்த எண்கள் சாக நினைப்பவருக்கு மட்டுமானவை அல்ல. ‘என் ஃப்ரெண்டு இப்படிச் சொல்றான், நான் என்ன பண்ணட்டும்?’ என்று கேட்கவும் அழைக்கலாம்.